கால் படாத இடத்தில் ஓர் இருக்கை

"எடுத்துடுங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

"எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லாம..."

"காரணமெல்லாம் கேக்காதீங்க, வந்து எடுத்துட்டு..."

"டாக்டர், அது சுவத்தோட சேத்துப் போட்டது. பெட்டி மாதிரி தூக்கிட்டுப் போக..."

"அப்ப இடிச்சு எடுங்க!"

"முதல் வாரம் முழுக்க வீட்டுக்கே அழகு அதுதான்னு சொன்னது யாரு? நானா?"

"நான்தான். இப்பவும் சொல்றேன், நல்லாதான் இருக்கு. எனக்கு மட்டும் நல்லா இருந்தா பரவாயில்லையே!"

'நல்லா இல்லை, எடு' என்றவர்களை அளவுக்காரி தன் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறாள். 'நல்லா இருக்கு, எடு' என்றது இந்தப் பல் டாக்டர் ஒருத்திதான்.

இது நடந்தது. கண், காது, மூக்கு வைத்துச் சொல்வதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த வீடு இன்றும் இருக்கிறது. நம்பாதவர்கள் ஒருநாள் சாயங்காலம் அங்கே போய் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வந்து என்னோடு சண்டைக்கு நிற்கட்டும்.

அளவுக்காரி என்பது அவளுடைய தச்சர் வைத்த பெயர். விருந்துக்குப் போன இடத்திலும் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்து மேசையின் உயரத்தை அளந்துவிட்டுத்தான் உட்காருவாள். வீட்டுக்குள்ளே எது எங்கே இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டுச் செய்து கொடுப்பது அவள் தொழில். அலங்காரம் என்று சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"திரைச்சீலை மாட்டுறதா என் வேலை? நாலு பேர் உக்காந்து பேசினது பல வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்கணும். அதுக்குத்தான் இடம் பண்ணிக் குடுக்கிறேன்."

பல் டாக்டர் அவளிடம் வந்தது அதற்காகத்தான். கணவனைப் பிரிந்திருந்தாள். பத்து வயது மகள் அப்பாவோடு இருந்தாள். பள்ளி விடுமுறைக்கு அம்மாவிடம் வந்து தங்குவது, விடுமுறை முடியும்போது எங்கே இருக்கப் போகிறாள் என்பதைக் குழந்தையே சொல்வது என்று இருவரும் ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஊர்ல இருக்கிறவங்க வாயெல்லாம் திறக்க வைக்கிறேன். என் பொண்ணு வாயைத் திறக்க வைக்க முடியல," என்றாள் பல் டாக்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. "அவ என்கூட உக்காந்து பேசணும். அதுக்கு ஒரு இடம் போட்டுக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

காகிதத்தில் வரைந்து காட்டி அளவுக்காரி யாரையும் சம்மதிக்க வைப்பதில்லை. காகிதத்தில் எல்லா வீடும் அழகுதான் என்பாள். காலி அறையின் தரையில் வெள்ளைச் சாக்பீஸால் முழு அளவில் வீட்டையே வரைந்துவிடுவாள். இது சோபா, இது மேசை, இது சமையல் மேடை. பிறகு வீட்டாரை அதற்குள் விட்டுக் கொஞ்ச நேரம் குடித்தனம் நடத்தச் சொல்வாள். இல்லாத கதவைத் திறக்க வேண்டும். இல்லாத நாற்காலியை இழுத்துப் போட வேண்டும். அவர்கள் நடக்க நடக்கப் பின்னாலேயே குனிந்து போய், கால் போன தடத்தை நீலச் சாக்பீஸால் கோடு இழுப்பாள்.

அந்த வீட்டிலும் அப்படித்தான். நல்ல வெயில் நேரம். திரை போடாத ஜன்னல். கூடம் முழுக்க வெளிச்சம். பேய்க்கும் அந்தப் பொழுதுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

அன்றைக்கு மட்டும் அப்பா வாசலில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போன குழந்தை, இல்லாத மேசைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. டாக்டரின் அக்கா, குழந்தைக்குப் பெரியம்மா, கோட்டுச் சோபாவில் சாய்வதுபோல் சாய்ந்தார்.

"அம்மாடி, என்ன மெத்து! எழுந்திருக்கத்தான் ரெண்டு ஆள் வேணும்."

"அக்கா, காபி." டாக்டர் வெறுங்கையை நீட்டினாள்.

பெரியம்மா உறிஞ்சிக் குடித்தார். "பரவாயில்லடி. நீ நிஜமா போடுற காபிக்கு இது எவ்வளவோ தேவலை."

குழந்தை களுக்கென்று சிரித்தது. டாக்டர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அளவுக்காரி முக்காலி மேல் ஏறித் தரையைப் பார்த்தாள். நீலக்கோடுகள். சமையல் மேடையிலிருந்து ஜன்னலுக்கு நேராகப் போயிருக்க வேண்டியவை. போகவில்லை. ஜன்னலுக்கு முன்னால் ஓர் இடத்தில் எல்லாக் கோடுகளும் வளைந்திருந்தன. டாக்டரின் கோடு, பெரியம்மாவின் கோடு, குழந்தையின் கோடு. அங்கே தூண் இல்லை, பெட்டி இல்லை, சாக்பீஸ் கோடுகூட இல்லை. வழியில் ஆள் நின்றால் இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவோமே... அப்படி.

இன்னொன்றும் இருந்தது. சாக்பீஸ் தூளில் ஒரு செருப்புத் தடம். அதுவும் அந்த இடத்தைச் சுற்றித்தான் போயிருந்தது. அது அவளுடைய செருப்பு.

வேறு யாராவது இருந்தால் அங்கேயே கொஞ்சம் யோசித்திருப்பார்கள். அவளுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. கால் போகாத இடத்தில்தான் இருக்கை போட வேண்டும், அப்போதுதான் நடப்பவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை, உட்காருபவர்களுக்கும் இடைஞ்சல் இல்லை. இது அவள் தொழிலில் அவளே கண்டுபிடித்த பாடம். அங்கே ஜன்னல் சுவரோடு சேர்த்து அரைவட்டமாக ஓர் இருக்கை போட்டாள். மேலே தடித்த ஃபோம் மெத்தை, ரெக்ஸின் உறை. சாப்பாட்டு மேசையில் பேசுவது காதில் விழுகிற தூரம், முகம் தெரிகிற கோணம்.

"இந்த மூலையில யார் வந்து உக்காரப் போறாங்க?" என்றார் தச்சர்.

"இடம் இருந்தா ஆள் தானா வரும்."

விடுமுறை தொடங்கியது. குழந்தை வந்தது. முதல் வாரம் டாக்டர் தினமும் ஃபோன் செய்தாள். "மேசையை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறா! ஸ்கூல் கதை, தோழி கதை, எல்லாம் பேசுறா. அந்த இருக்கையைப் பாத்த மாதிரியே உக்கார்றா. உங்க கைக்குத் தங்கக் காப்புப் போடணும்."

இரண்டாம் வாரம் ஃபோன் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்ததுதான் முதலில் சொன்ன சண்டை.

"சரி, வாங்க," என்றாள் டாக்டர் கடைசியில். "நாலு மணிக்குக் காபி குடிக்க வாங்க. அதுக்கப்புறமும் அது இருக்கட்டும்னு நீங்க சொன்னா, நான் வாயைத் திறக்கல."

போனாள். பகல்தான். கீழே தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கூடம் அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. இருக்கையில் யாரும் இல்லை. மெத்தையின் நடுவில் மட்டும் ஒரு பள்ளம்.

"யார் உக்காருவீங்க அதுல?"

"யாரும் உக்கார்றதில்ல," என்றார் பெரியம்மா. அன்றைக்கு அவர் முகத்தில் வேடிக்கைப் பேச்சு இல்லை. "ஒரு நாள் உக்காந்தேன். சூடா இருந்துச்சு. வெயில் சூடு இல்லம்மா. யாரோ அப்பத்தான் எழுந்து போன சூடு."

அளவுக்காரி சிரித்தாள். மேசையைச் சுற்றி நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் காபி ஊற்றினாள்.

புஸ்ஸ்ஸ்...

ஃபோம் மெத்தையில் ஆள் உட்கார்ந்தால் உள்ளிருக்கும் காற்று இப்படித்தான் வெளியேறும். அது அவளுக்குப் பழக்கமான சத்தம். திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை.

"புது மெத்தை. அப்படித்தான் இருக்கும்," என்றாள். யாரும் கேட்காமலே.

பேச்சு தொடங்கியது. குழந்தை பள்ளிக்கூடத்துக் கதை சொன்னது. நடுவில் நிறுத்தியது. எல்லோரும் சும்மா இருந்தார்கள். பிறகு குழந்தை சிரித்தது. "அய்யோ, அது இல்ல! அது வேற டீச்சர்!"

யாருக்குச் சொன்னது?

டாக்டர் அளவுக்காரியைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்பதுபோல.

மறுபடி பேச்சு. மறுபடி ஓர் இடைவெளி. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருப்பார்களே, அந்த நீளம்.

"ஆமா, மழை வந்தாலும் வரும்," என்றார் பெரியம்மா. சொன்னவர் டக்கென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

காபி ஆவி மட்டும் அசைந்தது.

இடைவெளி...

"இல்லைங்க, எனக்குச் சர்க்கரை வேண்டாம்."

சொன்னது யார்?

அவள்தான். அளவுக்காரிதான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மரியாதையாகச் சொல்லியிருந்தாள்.

யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்டது மாதிரிதான்... இருந்தது.

கோப்பையை வைத்தாள்.

புஸ்ஸ்ஸ்...

இந்த முறை காற்று உள்ளே போகிற சத்தம்.

யாரோ எழுந்துகொண்டார்கள்.

"நாளைக்குக் காலையில தச்சரைக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள் அளவுக்காரி.

தச்சர் வந்தார். பலகை பலகையாகக் கழற்றினார். அடியில் ஒன்றுமில்லை. சுவர், தரை, கொஞ்சம் மரத்தூள். "வலிக்காமப் பிடுங்கியாச்சு டாக்டர்," என்றார். யாரும் சிரிக்கவில்லை. குழந்தை கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. கழற்றி முடித்ததும் நகர்ந்து, யாருக்கோ வழிவிட்டது.

அன்று சாயங்காலமே ஃபோன் வந்தது. டாக்டர் கிசுகிசுவென்று பேசினாள்.

"திரும்பப் போட்டுடுங்க."

"என்ன டாக்டர், நீங்கதானே..."

"நாற்காலியில பாதியிலதான் உக்கார்றா."

"யாரு?"

"குட்டி. ஒரு ஓரமா, விழுந்துடற மாதிரி. மீதிப் பாதியைக் காலியா விட்டிருக்கா. நேரா உக்காருடின்னேன். 'பாவம்மா, அவங்க காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்காங்க'ங்கிறா. சாப்பாட்டையும் பாதிதான் சாப்பிடறா. போட்டுடுங்க. என் பொண்ணு பக்கத்துல அது உக்கார்றதுக்கு... தள்ளி அங்கயே உக்காந்துக்கட்டும். கால்ல வேணும்னாலும் விழறேன்."

மறுநாள் இருக்கை பழைய இடத்துக்கே போனது. தச்சர் கடைசி ஆணியை அடித்துக் கையை எடுக்குமுன்பே மெத்தை புஸ்ஸென்றது. அவர் சுத்தியலைக்கூட எடுத்துக்கொள்ளாமல் கீழே இறங்கிப் போய்விட்டார்.

விடுமுறை முடிகிற அன்று டாக்டர் கூப்பிட்டனுப்பினாள். கதவைத் திறந்ததும் அளவுக்காரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லிட்டா! இங்கயேதான் இருப்பாளாம். அவங்க அப்பாகிட்டயும் ஃபோன்ல சொல்லிட்டா. என்கிட்ட வந்துட்டா. எனக்கு அது போதும். மத்ததெல்லாம்... பழகிடும்." முகம் முழுக்கச் சிரிப்பு. கை மட்டும் பனிக்கட்டி.

குழந்தை வெளியே மாடிப்படியில் உட்கார்ந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தது. அளவுக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மாகூடவே இருக்கப் போறியாமே! ரொம்பச் சந்தோஷம் குட்டி."

"அம்மாக்காக இல்ல, ஆன்ட்டி."

"பின்ன?"

"நானும் போயிட்டா அவங்களோட யார் பேசுவா? அம்மாக்கு அவங்களைப் பாத்தாலே பயம்."

உள்ளே கூடத்தில் டாக்டரின் குரல் கேட்டது. "ஆமா... ஆமா, நீங்க சொல்றது சரிதான்." பெரியம்மா கடைக்குப் போயிருந்தார். உள்ளே வேறு யாருமில்லை.

அளவுக்காரி கூடத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். "அவங்க... யாரு குட்டி?"

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. பெரியவர்கள் தெரிந்துகொண்டே கேட்கும்போது குழந்தைகள் பார்க்கிற பார்வை.

"உங்ககூட வந்தவங்கதானே."

"எப்ப?"

"சாக்பீஸ் போட்ட அன்னிக்கு. உங்க பின்னாடியே படியேறி வந்து, ஜன்னல்கிட்ட நின்னாங்களே."

அன்றைக்கு அவள் தனியாகத்தான் போயிருந்தாள். தச்சருக்கு வேறு இடத்தில் வேலை. யாரையும் அழைத்துப் போகவில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

"நீங்க போகும்போது அவங்களும் கதவு வரைக்கும் வந்தாங்களாம்," என்றது குழந்தை. "நீங்க திரும்பிக்கூடப் பாக்காம கதவைச் சாத்திட்டீங்களாம். ஏன் ஆன்ட்டி அவங்களை இங்க விட்டுட்டுப் போனீங்க?"