நான்காம் இடத்தில் இரண்டு சம்பந்திகள்

சதுரங்க நடுவர் வேலையில் ஜெயித்தவர் நன்றி சொல்வதில்லை, தோற்றவர் கொஞ்ச நாளில் மறந்துவிடுகிறார். சமமாக முடித்த இரண்டு பேர்தான் வீடு தேடி வருகிறார்கள்.

அதுவும் ஆன்லைன் போட்டி என்றால் தேடி வரக்கூட வேண்டாம், போனிலேயே உயிரை எடுத்துவிடலாம். நான் நடுவர் வேலை பார்ப்பது தேனி பஜாரில் எங்கள் ஹார்டுவேர் கடையின் பின்கட்டில். முன்னால் என் வீட்டுக்காரர் ஆணியும் தாழ்ப்பாளும் விற்பார். பின்னால் நான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுவதிலும் உள்ள ராஜா ராணிகளுக்குப் பஞ்சாயத்து பண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்களும், தெருக்குழாயடியில் குடங்களை வரிசைப்படுத்த முயன்றவர்களும் என் கஷ்டத்தைச் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் போட்டி பெரியவர்களுக்கானது. வியாபாரி, விவசாயி, மாதச் சம்பளக்காரர் எல்லோரும் உண்டு. முதல் கட்டத்தில் யாரும் வெளியேற மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வைத்திருப்பவர்கள் மோதுவார்கள். எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு முதல் நான்கு பேர் அரையிறுதிக்குப் போவார்கள். நான்காம் இடத்தில் இரண்டு பேர் சமமாக நின்றால் என்ன செய்வது என்று விதிகளை நீளமாக எழுதிக் குழுவில் போட்டிருக்கிறேன். சமமாக நிற்கும் வரை அதை ஒருவரும் படிப்பதில்லை.

இந்த வருஷம் கூடுதலாக ஒரு வில்லங்கம். போடி ஏலக்காய் வியாபாரி தங்கராஜ் அண்ணாச்சியும், கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஈஸ்வரன் அண்ணனும் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். இரண்டு பேருமே நல்ல ஆட்டக்காரர்கள். பேர் கொடுத்து முடித்த பிறகுதான், அண்ணாச்சி மகனுக்கும் ஈஸ்வரன் அண்ணன் மகளுக்கும் கல்யாணம் நிச்சயமானது.

தோற்றவர் நன்றாக இருக்க வேண்டும்

புள்ளி சமமானால் நாங்கள் பார்க்கிற ஒரு கணக்கு, யார் பலமான ஆட்களோடு ஆடினார் என்பது. உங்களோடு ஆடியவர்கள் போட்டி முழுக்க எடுத்த புள்ளிகளைக் கூட்டுவோம். கூட்டுத்தொகை யாருக்கு அதிகமோ அவர் மேலே போவார். ஆக, நீங்கள் யாரைத் தோற்கடித்தீர்களோ அவர் அதற்குப் பிறகு வரிசையாக ஜெயித்தால்தான் உங்களுக்கு லாபம். இதை முதலில் புரிந்துகொண்டவர் கடமலைக்குண்டில் உரக்கடை வைத்திருக்கும் செல்வராணி. புரிந்துகொண்ட நாளிலிருந்து அவருக்கு நிம்மதி போய்விட்டது.

அவரிடம் தோற்றவர் பண்ணைப்புரத்து விவசாயி ஒருவர். தோற்ற மனுஷன், "தக்காளி பறிக்கணும், இனிமே ஆட்டம் வேண்டாம்" என்று ஒதுங்கிக்கொண்டார். செல்வராணி விடுவாரா? காலையிலும் சாயங்காலமும் போன் போட்டு, உங்கள் குதிரை ஆட்டம் மாதிரி யாருக்கும் வராது, நான் ஜெயித்தது ஏதோ அதிர்ஷ்டம் என்று அவரைத் தேற்றினார். அதற்கும் அவர் மசியாததால், தன் கடைக்கு உரம் வாங்க வரும் ஆட்களிடம் பேசி தக்காளி பறிக்க ஆளே அனுப்பிவைத்தார். அவரும் போனால் போகிறது என்று உட்கார்ந்து அடுத்த ஆட்டத்தை ஜெயித்தார். ஜெயித்தவர் போன் பண்ணவில்லை; செல்வராணிதான் எனக்குப் பண்ணினார்.

"அக்கா, நான் தோக்கடிச்ச மனுசன் நல்லா இருக்கணும்னு வாழ்க்கையில மொத தடவையா சாமி கும்புட்டுருக்கேன்."

ஆடாமல் வந்த புள்ளி

ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வந்துவிட்டால் ஒருவருக்கு ஜோடி இருக்காது. அந்தச் சுற்றில் அவர் ஆடாமலே ஒரு புள்ளி பெறுவார். உலகம் முழுக்க உள்ள வழக்கம் இது. பெறுகிறவர் சந்தோஷப்படுவார் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

லோயர் கேம்ப்பில் மின்நிலைய வேலையில் இருக்கும் சேகர் அந்தச் சுற்றுக்காகக் கூட வேலை பார்ப்பவரிடம் கெஞ்சி ஷிப்ட் மாற்றியிருந்தார். சட்டை போட்டு, கேமராவைத் துடைத்து, வெந்நீர் பிளாஸ்க்கோடு வந்து உட்கார்ந்தால் திரையில் எதிராளி பெயர் இல்லை, ஒரு புள்ளி மட்டும் இருக்கிறது. விதியை எடுத்துச் சொன்னேன். இது இலவசம்தான், பயப்படாதீர்கள் என்றேன்.

"விருந்துக்குன்னு வரச்சொல்லிட்டு, எலையே போடாமப் பொட்டலத்தக் கையில குடுத்து அனுப்புறீகளே, இது நல்லா இருக்கா நடுவரம்மா?"

ராணியைத் தூக்கலாமா?

யாரோடு யார் ஆடுவது என்று ஜோடி போடுவது கம்ப்யூட்டர். அதற்குச் சம்பந்தி முறையெல்லாம் தெரியாது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் தங்கராஜ் அண்ணாச்சியையும் ஈஸ்வரன் அண்ணனையும் எதிரெதிரே உட்கார வைத்துவிட்டது. ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு பேரும் கேமராவில் கும்பிட்டுக்கொண்டார்கள். "சம்பந்தி, சாப்டாச்சா?" "ஆச்சு சம்பந்தி, வீட்டுல எல்லாரும் சொகமா இருக்காகளா?" என்று விசாரிப்பு நடந்தது. கடிகாரம் ஓடுகிறது என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

நடு ஆட்டத்தில் அண்ணாச்சி கவனப் பிசகாக ராணியைத் திறந்த வெளியில் விட்டுவிட்டார். ஈஸ்வரன் அண்ணன் யோசித்தார், யோசித்தார், கடைசியில் ஒரு சிப்பாயை ஓரமாக நகர்த்தினார். அண்ணாச்சி தன் தவறைக் கண்டு ராணியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உடனே டிரா கேட்டார், இவரும் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் ஈஸ்வரன் அண்ணனைத் தனியாகப் போனில் பிடித்தேன். ராணி கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியாம என்னங்க? பொண்ணு குடுக்குறவன் போயி அவுக வீட்டு ராணியத் தூக்குனா நல்லாவா இருக்கும்?"

கயல் கடைக்கு வந்தாள்

இந்த மரியாதைக்குப் பலன் கடைசிச் சுற்றில் கிடைத்தது. இரண்டு சம்பந்திகளும் ஒரே புள்ளியில், நான்காம் இடத்தில். விதிப்படி நேருக்கு நேர் ஆடியதைப் பார்த்தால் டிரா. எதிராளிகளின் புள்ளியைக் கூட்டினால் அதுவும் சமம். நான் கூட்டியதில் நம்பிக்கையில்லாமல் என் வீட்டுக்காரரை விட்டு இன்னொரு தடவை கூட்டச் சொன்னேன். அவர் கூட்டியும் சமம்தான். மிச்சம் இருக்கிற ஒரே விதி, இன்னொரு ஆட்டம் ஆடி முடிவு செய்வது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆட்டம் என்று குழுவில் போட்டேன்.

மறுநாள் ஈஸ்வரன் அண்ணன் மகள் கயல் கடைக்கு வந்தாள். தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். முன்னால் நின்று ஒரு கொக்கி வாங்கினாள், பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவள் அப்பா தோற்பது என்று முடிவு பண்ணிவிட்டாராம். மாப்பிள்ளை வீட்டாரை ஜெயித்துவிட்டுப் போய் எப்படிப் பத்திரிகை வைப்பது என்று கேட்கிறாராம். அம்மாவும் அதுதான் மரியாதை என்கிறாளாம். "அப்பா தோத்தாலும் எனக்கு ஒண்ணுமில்ல, ஆனா நெசமா ஆடித் தோக்கணும்" என்று சொன்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கொக்கியைக் கையில் திருகிக்கொண்டே இருந்தாள். எனக்குக் கல்யாணமான புதிதில் நான் எத்தனை இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"இந்த ஒரு ஆட்டத்துல அப்பா வேணும்னு விட்டுக் குடுத்தாருன்னா, நான் அந்த வீட்டுல ஆயுசுக்கும் விட்டுக் குடுத்துக்கிட்டேதான் கெடக்கணும் அக்கா."

குறைத்துக் கேட்கும் ஏலம்

அன்றைக்கே இரண்டு பேருக்கும் செய்தி அனுப்பினேன். வேண்டுமென்றே தோற்பதாகத் தெரிந்தால் இருவரையும் நீக்கிவிட்டு அவர்களுக்கு அடுத்து நிற்பவரை அரையிறுதிக்கு அனுப்புவேன் என்று. மிரட்டல் வேலை செய்தது. நீக்கப்பட்டால் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அவமானம் இல்லையா?

முடிவு செய்யும் ஆட்டத்துக்குப் பெயர் அர்மகெதோன். எங்கள் சர்ச்சில் அது உலகத்தின் கடைசிப் போர். சதுரங்கத்தில் அது சமத்தை உடைக்கும் ஆட்டம். வெள்ளைக்குப் பத்து நிமிஷம் உண்டு, ஆனால் ஜெயித்தே ஆக வேண்டும். கறுப்புக்கு நேரம் குறைவு, ஆனால் டிரா ஆனாலே அடுத்த கட்டத்துக்குப் போய்விடலாம். யாருக்குக் கறுப்பு என்பதற்கு ஏலம். எத்தனை நிமிஷத்தில் கறுப்பு ஆடத் தயார் என்று இருவரும் எனக்கு ரகசியமாக அனுப்ப வேண்டும். குறைவாகக் கேட்டவருக்குக் கறுப்பு. ஈஸ்வரன் அண்ணன் ஆறு நிமிஷம் என்று அனுப்பினார். அண்ணாச்சியிடமிருந்து பன்னிரண்டு என்று வந்தது. பத்துக்கு மேல் கேட்க முடியாது என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த நொடி பதினைந்து என்று வந்தது. வேறு யாரோ தன்னைவிட ஏற்றிக் கேட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம். பாவம், போடி ஏலக்காய் ஏலத்தில் பொத்தானை அமுக்கி விலையை ஏற்றியே பழகின விரல். போனில் கூப்பிட்டு விளக்கினேன். அவர் யோசித்து, மனசே இல்லாமல் ஒன்பதுக்கு இறங்கினார். கறுப்பு ஈஸ்வரன் அண்ணனுக்குப் போனது.

"கொறச்சுக் கேட்டவனுக்குச் சரக்கக் குடுக்குற ஏலத்த நான் இங்கன போடியில பொறந்து வளந்து இன்னைக்குத்தான் பாக்குறேன்."

டிரா பொத்தான்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கயல் என் பக்கத்தில் பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தாள். ஆடுகிறவர் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பதால் அவளுக்கு வீட்டில் இடமில்லை. வீட்டுக்காரர் கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து நின்றார். இந்த முறை விசாரிப்பு எதுவும் இல்லை, கும்பிட்டதோடு சரி. ஈஸ்வரன் அண்ணன் நிஜமாக ஆடினார். வெயிலில் கருத்த அந்த முகத்தில் அவ்வளவு தீவிரத்தை நான் பார்த்ததே இல்லை. அண்ணாச்சியின் யானை ஒன்று போனது, பிறகு குதிரை போனது. வெள்ளை ராஜா மூலையில் ஒடுங்கி நின்றது. ஈஸ்வரன் அண்ணனின் அடுத்த நகர்த்தலில் மேட், ராஜாவின் கதை முடிந்துவிடும்.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரன் அண்ணன் டிரா கேட்கும் பொத்தானை அமுக்கினார். கணக்கு எனக்குப் புரிந்தது. கறுப்புக்கு டிரா போதும். தானும் அரையிறுதிக்குப் போய்விடலாம், சம்பந்தியையும் தோற்கடித்ததாகாது. ஆனால் கயல் "போச்சு" என்று எழுந்துவிட்டாள். நான் எதுவும் சொல்ல முடியாது, டிரா கேட்பது விதிப்படி சரிதான். திரையில் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், பலகையை ஒரு தடவை முழுக்கப் பார்த்தார். பிறகு டிரா வேண்டாம் என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, தானாகவே போய் மேட்டில் மாட்டுகிற மாதிரியெல்லாம் ஆடாமல், இருந்ததில் நல்ல நகர்த்தல் ஒன்றைச் செய்தார். அதனாலும் பயனில்லை, மேட் அப்படியே இருந்தது. மைக்கைத் திறந்தார். "சம்பந்தி, எனக்கு மரியாத குடுக்குறதா இருந்தா ஒழுங்கா மேட் வைங்க. இல்லாட்டி கல்யாணத்துக்கு வர்றவுகல்லாம், பொண்ணு வீட்டுல கெஞ்சி டிரா வாங்குன ஆளுன்னு என்னயக் காட்டிச் சிரிப்பாக."

ஈஸ்வரன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட் வைத்தார். அண்ணாச்சி திரையில் கைதட்டினார். இங்கே என் வீட்டுக்காரர் சத்தமாகவே கைதட்டிவிட்டார். பின்னால் நடந்த அரையிறுதியில் ஈஸ்வரன் அண்ணனைச் செல்வராணி சுலபமாக ஜெயித்தார் என்பது வேறு விஷயம். அது அந்த வீட்டில் யாருக்கும் பெரிதாகப் படவில்லை. அன்றைக்குக் கயல் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாத ஒரு முகத்தோடு, திரையில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, யார்கிட்டயும் சொல்லிப்புடாதீக, மாப்பிள்ளையவிட மாமனாரத்தான் எனக்கு இப்ப ரொம்பப் புடிச்சிருக்கு."

சமமாக நிற்கிற இரண்டு பேரைப் பிரிப்பதற்கு விதிகள் போதும், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கத் துடிக்கிற இரண்டு பேரை மோத வைப்பதற்குத்தான் நடுவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அது இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.