அழியவிருந்த காலைப் பொழுது

பார்சல் கட்டும் பிரிவில் குனிந்து நிமிர்ந்தே இடுப்பு போனபிறகுதான் அவளுக்குக் கேமரா அறை கிடைத்தது. கிடங்கில் எல்லோரும் அவளை டிவிக்காரி என்றார்கள். "உனக்கென்னம்மா, சம்பளத்தோட சினிமா" என்று கிண்டல் செய்தவர்களே கேமராவுக்குக் கீழே வரும்போது முடியைச் சரிசெய்துகொண்டார்கள்.

அவளுடைய அக்கா புருஷன் அதே கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். ஒருநாள் சரிவுப் பாதையில் வண்டி நிற்காமல் உருண்டு, சுமை ஏற்றுபவர் ஒருவரின் கணுக்காலை நசுக்கிவிட்டது.

"பிரேக் பிடிக்கலைன்னு காலையிலேயே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன்" என்றார் அத்தான்.

"என்கிட்ட யாரும் எதுவும் சொல்லலை" என்றார் சூப்பர்வைசர். அத்தானை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

டிவிக்காரி அன்று சாயங்காலமே பதிவை ஓட்டிப் பார்த்திருந்தாள். ஐந்தாம் கேமராவில் எல்லாம் இருந்தது. குரல் இல்லை. ஆனால் அத்தான் பிரேக்கை மிதித்து மிதித்துக் காட்டுவதும், சூப்பர்வைசர் ஈ ஓட்டுவதுபோல் கையை வீசிவிட்டு நடப்பதும் பளிச்சென்று தெரிந்தன.

பதிவைப் பிரதி எடுக்க மேனேஜரின் பாஸ்வேர்டு வேண்டும். அவர் மகளின் பிரசவத்துக்காக வெளிநாடு போயிருந்தார். விசாரணையும் அவர் வந்தபிறகுதான். திரையைப் போனில் பிடித்துக் காட்டினால் விசாரணையில் ஏற்க மாட்டார்கள். அக்கா தினமும் பிடுங்கி எடுத்தாள்.

"அது அழிஞ்சு கிழிஞ்சு போயிடாதே?"

"போகாதுக்கா. டிஸ்க் வந்த பெட்டியை நானே பார்த்தேன், நாலாயிரம் ஜிபின்னு போட்டிருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு இடம் ஆகுதுன்னு மெஷினே காட்டுது. வகுத்துப் பார்த்துட்டேன். மேனேஜர் வந்தப்புறமும் ரெண்டு நாள் தாங்கும்."

டிஸ்க் நிறைந்ததும், இருப்பதிலேயே பழைய பதிவை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும் மெஷின் அது.

மேனேஜர் வருவதற்கு முந்தைய நாள் மதியம், சும்மா பார்ப்போமே என்று பதிவின் ஆரம்பத்துக்குப் போனாள். விபத்துக்கு முந்தைய நாட்கள் ஒன்றுகூட இல்லை. விபத்து நடந்த நாளின் விடியற்காலையிலிருந்துதான் படமே தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார்த்தாள். அந்த விடியலும் கரைந்திருந்தது. அத்தான் பிரேக்கைக் காட்டும் காட்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை.

மெஷின் பொருத்திய டெக்னீஷியனுக்குப் போன் போட்டாள்.

"பெட்டியில பொய்யா போட்டிருக்கான்?"

"பொய் இல்லக்கா. டிஸ்க் செய்யறவன் ஆயிரம் ஆயிரமா எண்ணுவான். மெஷின் ஆயிரத்து இருபத்துநாலா எண்ணும். கேபி, எம்பி, ஜிபின்னு மூணு தடவையும் அந்த வித்தியாசம் சேரும். அதனால அதுக்கு நாலாயிரம் வராது, மூவாயிரத்து எழுநூத்துச் சொச்சம்தான். எந்தப் பதிவு எங்க இருக்குன்னு குறிச்சு வைக்க அதிலயும் கொஞ்சம் போயிடும். நீங்க ஒருநாள் செலவை மெஷின்ல பார்த்தீங்க, மொத்தத்தைப் பெட்டியில பார்த்தீங்க. ரெண்டும் வேற வேற அளவு, அக்கா."

"இப்ப என்னப்பா பண்றது?"

"பாஸ்வேர்டு இல்லாம பூட்டி வைக்க முடியாது. கரண்டை நிறுத்தினாதான் அழியறது நிக்கும். ஆனா கேமராவை நிறுத்தினா உங்களைச் சும்மா விடுவாங்களா?"

மேனேஜர் விமானத்தில் இருந்தார். அவர் இல்லாதபோது பொறுப்பு யாருக்கு? அதே சூப்பர்வைசருக்குத்தான். முதலாளியம்மாவை நேராகக் கூப்பிடும் வழக்கம் கிடங்கில் யாருக்கும் இல்லை. வேறு வழியில்லாமல் சூப்பர்வைசரையே கூப்பிட்டாள். அவர் நிதானமாக வந்தார், திரையைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மெஷின் தானா அழிச்சா நாம என்னம்மா பண்ண முடியும்?"

"நிறுத்திடலாம் சார்."

"சரக்கு இறங்கிட்டிருக்கு. ஏதாவது காணாமப் போனா நீயா பதில் சொல்லுவே? பேசாம உன் வேலையைப் பாரு."

எழுந்து போவார் என்று பார்த்தாள். அவர் அசையவில்லை. திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சி அழியும்வரை அவர் காத்திருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது.

சட்டென்று மேஜைக்கடியில் கைவிட்டு ஒயரைப் பிடுங்கினாள். எல்லாத் திரைகளும் ஒன்றாக இருண்டன.

"பைத்தியமா உனக்கு? மாட்டு!"

அவள் ஒயரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். இன்னொரு கையால் முதலாளியம்மாவின் எண்ணைத் தேடினாள். விரல் வழுக்கி, தப்பான எண்ணுக்குப் போய், மறுபடி அடித்து, ஒருவழியாக மணி போனது.

"அம்மா, நான் கேமராவை நிறுத்திட்டேன். நீங்க வந்து பார்க்கிறவரைக்கும் போடமாட்டேன்."

முதலாளியம்மா வந்து சேரும்வரை அவள் உட்காரவில்லை. இடுப்பு தெறித்தது. சூப்பர்வைசர் வாசலுக்கும் மேஜைக்கும் நடந்தபடி இருந்தார். டெக்னீஷியனும் வந்து, முதலாளியம்மாவிடமும் இருந்த பாஸ்வேர்டைப் போட்டு, மெஷின் உயிர் பெற்றதுமே பதிவை நிறுத்தினான். அந்தக் காலைப் பொழுதின் முன்பகுதி போயிருந்தது. பிரேக் காட்சி அப்படியே இருந்தது.

முதலாளியம்மா இரண்டு தரம் பார்த்தார்.

"அவன் டீக்குப் போகணும்னு கேட்டான்னு நினைச்சேம்மா" என்றார் சூப்பர்வைசர்.

"டீக்குப் போறவன் பிரேக்கை மிதிச்சா காட்டுவான்?"

அத்தானுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடிபட்டவரின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றது. சூப்பர்வைசரை வேறு கிடங்குக்கு மாற்றினார்கள். அனுமதியின்றிக் கேமராவை நிறுத்தியதற்கு டிவிக்காரிக்கும் ஒரு மெமோ வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்த வாரமே அடிபட்டவரை வீட்டில் போய்ப் பார்த்தாள். கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்திருந்தார். படத்தில் இருந்ததைச் சொன்னாள்.

"அப்ப, சூப்பர்வைசர் தெரிஞ்சேதான் எங்களை அந்தச் சரிவுல நிக்க வெச்சாரா?"

அவள் ஆமாமென்று தலையை ஆட்டினாள்.