அப்பா பூட்டிய பிரேக்

இன்று கராஜ் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டபோது எழுந்த, துருவும் எண்ணெயும் கலந்த மணம், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், எங்கள் கடைத்தொகுதியான பிளாசாவுக்குப் பின்னால் தண்டவாளத்தில் கைவிடப்பட்டு நின்ற சிவப்புப் பெட்டியடிக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. முன்பு சரக்கு ரயில்களின் வாலில் கார்ட் இருந்துபோன பெட்டி அது. தொண்ணூறுகளில் அதற்கு வேலை போயிருந்தது. ஊரில் கோச்சி என்று சொல்லும் ரயிலில் கார்டாக இருந்த என் அப்பாவோ இங்கே பக்டரியில் பிளாஸ்டிக் வாளி அடுக்கினார். சனிக்கிழமைகளில் அவர் அந்தப் பெட்டியின் கைபிரேக் சக்கரத்துக்கு எண்ணெய் பூசிச் சுழற்ற, அதன் கறகறப்பு வாரத்துக்கு வாரம் குறைவதைக் கேட்டபடி நான் இரும்புப் படியில் இருப்பேன்.

"உந்தக் குப்பையோட ஏன் அண்ணை மினக்கெடுறியள்?" என்பார் பிளாசாக் கடைக்காரர்.

குப்பையாம்!

அதை உடைக்கவென்று இழுத்துப்போக இஞ்சின் வந்த அன்று, சில்லுகள் உருளாமல் கிரீச்சிட்டன. அப்பா முதல்நாளே பிரேக்கை முறுக்கிப் பூட்டியிருந்தார். வந்தவர்கள் கத்தக் கத்த, அவர் அவசரமில்லாமல் ஆறுதலாக ஏறி, தன் கையாலேயே அதைத் தளர்த்தி, இறங்கிவந்து, என் பச்சை மப்ளரை உயர்த்திப் பிடித்த பிறகுதான் இஞ்சின் நகர்ந்தது.

"கார்ட் கொடி காட்டாமல் கோச்சி வெளிக்கிடாது, பிள்ளை."