பத்தமடையில் இன்னும் பெயர் வைக்காத பிள்ளை

குவைத்தில் சிக்கிய இந்தியர்களோடு அம்மானிலிருந்து இன்னொரு விமானம் பம்பாய் வந்து சேர்ந்துவிட்டது என்று டெல்லி வானொலியின் காலைத் தமிழ்ச் செய்தி சொன்னது. அதில் பத்தமடை காசிம் இருக்கிறாரா என்பது இதை எழுதும்வரை தெரியவில்லை.

1990 செப்டம்பர். குவைத்துக்குள் படையை அனுப்பிய ஈராக் அதிபரைப் பற்றி நெல்லைச் சீமை என்ன நினைக்கிறது என்று கேட்டு எழுத அலுவலகம் என்னை அனுப்பியது. திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதுமே பதில் கிடைத்தது. “அமெரிக்காக்காரனையே எதுத்து நிக்கான்லா, அவன்தான் ஆம்பள வே!” என்றார் சலூன்காரர், என் தொண்டையில் கத்தியை வைத்துக்கொண்டு. மறுத்துப் பேசும் நிலையில் நான் இல்லை.

சேரன்மகாதேவி வழியாக அம்பாசமுத்திரம் போகும் பஸ் எதில் ஏறினாலும் ஒரு மணி நேரத்துக்குள் பத்தமடை. வழியெல்லாம் கார் நெல் அறுவடை; வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தால் கோபப்பட வேண்டாம்.

பத்தமடை டீக்கடையில் கோரைப்பாய் வியாபாரி மீரான் எல்லாருக்கும் டீ வாங்கிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பேரன் பிறந்து ஏழாம் நாள். சாயங்காலம் பெயர் வைக்கிறார்கள். என்ன பெயர்? அந்த அதிபரின் பெயர்தான். கடையே கைதட்டியது.

“மார்க்கு போடச் சொன்னா நூத்துக்கு நூறு போடுவேன். எழுதிக்கிடுங்க அண்ணாச்சி” என்றார்.

“பிள்ளையோட வாப்பா எங்கே?” என்று கேட்டேன்.

“காசிமா? குவைத்துலதான், லாரி ஓட்டுதான்.” குரல் இறங்கியது. “ஒரு மாசமா கடுதாசி இல்ல, ஒரு தாக்கலும் இல்ல.”

மகனை அந்நிய ஊரில் தவிக்கவிட்ட படையின் தலைவனுக்கு நூறு மார்க். மீரான் கெட்டவர் இல்லை. ஆனால் அந்தக் கைதட்டல் எனக்கு எரிச்சலாக இருந்தது. அங்கிருந்த ஒருவரும் காசிம் பெயரை அதுவரை எடுக்கவில்லை.

மீரானே வீட்டுக்குக் கூட்டிப்போனார். உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மருமகள், காசிமின் மனைவி ஆயிஷா பேசினார்.

“பேப்பர்காரவுகளா? ஊரெல்லாம் கேட்டியளாம். எங்கிட்டக் கேக்கலியே?”

கேட்டேன்.

“எம்மாப்பிள்ளய நடுத்தெருவுல நிறுத்துனவன் பேரச் சொல்லி எம்புள்ளையத் தாலாட்டச் சொல்லுதாவ. நான் மாட்டேன்.”

“வெளியாளு முன்ன என்ன பேச்சும்மா?”

“வெளியாளு பேரத்தான வீட்டுக்குள்ள கொண்டாறிய மாமா!”

பிள்ளையின் காதில் பெயரைச் சொல்ல பள்ளிவாசல் அசரத் வந்தார். ஆயிஷா பிள்ளையைத் திரைக்கு வெளியே தரவில்லை. “வாப்பா வந்து வைக்கட்டும். பேருக்கு என்ன அவசரம்?” என்ற அசரத் சர்பத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். மீரான் முற்றத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

திருநெல்வேலி திரும்பி அலுவலகத்துக்கு டிரங்க் காலில் செய்தியைப் படித்துக் காட்டினேன். “ஆதரவு மட்டும் போதும், வீட்டுச் சண்டை வேண்டாம்” என்றார்கள். ‘நெல்லையில் ஏகோபித்த ஆதரவு’ என்று அச்சாகி வந்தது. யாரைக் கேட்டு ஏகோபித்தது? சலூனில் பெண்கள் இல்லை, டீக்கடையில் இல்லை, ஆகவே கணக்கிலும் இல்லை. அந்த அதிபரின் யுத்தத்துக்கு இந்த ஊரில் விலை கொடுக்கிற ஒரே ஆள் சொன்னது வீட்டுச் சண்டையாம்!

ஊர் அபிப்பிராயம் கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு: டீக்கடையோடு திரும்பாதீர்கள். பத்தமடையில் பகல் வெயிலில் தெருக்கள் அடங்கியிருக்கும். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு போங்கள். வாசலில் நின்று குரல் கொடுத்தால் பதில் வரும். வருகிற பதிலை முழுதாக எழுதுங்கள்.

காசிம் அந்த விமானத்தில் வந்திருந்தால் நாளை சாயங்காலத்துக்குள் தந்தி வர வேண்டும் என்று பத்தமடை போஸ்ட்மாஸ்டர் போனில் சொன்னார். பிள்ளையின் பெயர் அதற்குப் பிறகுதான். மீரான் காலையிலிருந்து தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். வருகிறவர் போகிறவர் எல்லாம் யுத்தத்தைப் பற்றிக் கேட்கிறார்களாம். அவர் காசிமைப் பற்றி மட்டும்தான் பேசுகிறாராம்.