இரும்பு முளை அசைந்தது

குல்பரா எடுத்த படத்தில் நட்சத்திரங்கள் மறுபடியும் அரிசி அரிசியாகத்தான் விழுந்திருந்தன. புள்ளியாக இருக்க வேண்டியவை எல்லாம் ஒரே பக்கமாக நீண்டு கிடந்தன. கேமராத் திரையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அரிசியும் பெரிதானதுதான் மிச்சம்.

நாரின் என்ற மலையூரில் ஒரு பாலர் பள்ளியில் அவளுக்குச் சமையல் வேலை. வயது நாற்பத்து நான்கு. இலையுதிர் காலத்தில் நூலகத்தில் வானியல் மாலை வகுப்பு தொடங்கியபோது சேர்ந்தாள். குளிர் வந்ததும் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள், அவள் நிற்கவில்லை. கோடையில் மலைமேல் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்கு ஐந்து பேரைக் கூட்டிப் போவார்கள் என்று வாத்தியார் ஐதார் சொல்லியிருந்தார். பெரிய தொலைநோக்கியில் தன் கண்ணை வைத்துப் பார்க்கலாம். அதற்கு, மார்ச்சில் வரும் நூருஸ் பண்டிகைக்குள் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். கூட்டம் முழுதாக இருக்க வேண்டும், நட்சத்திரங்கள் உருண்டையாக இருக்க வேண்டும்.

வானம் சுழலும் வேகத்தில் கேமராவும் திரும்பினால்தான் உருண்டை வரும். அதற்கான தாங்கியை அண்ணன் சாத்திபால்டி தன் வெல்டிங் பட்டறையில் செய்து கொடுத்திருந்தார். ஒவ்வொரு இணைப்பையும் அரம் போட்டுத் தேய்த்து, ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, திருப்தி இல்லாமல் ஒரு காலை வெட்டி மறுபடி பற்றவைத்தார். அச்சோடு ஒரு மெல்லிய குழாயும் பொருத்தினார். அந்தக் குழாயின் நடுவில் தெமிர்கசிக் தெரியும்படி நிறுத்திவிட்டால், மற்றதை மோட்டார் பார்த்துக்கொள்ளும்.

தெமிர்கசிக் என்றால் இரும்பு முளை. துருவ நட்சத்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். வானத்தின் நடுவில் அடித்த முளை அது. கொஞ்சம் தள்ளித் தெரியும் இரண்டு நட்சத்திரங்கள் அதில் கட்டிய குதிரைகள். குதிரைகள் விடிய விடியச் சுற்றும். முளை அசையாது.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். "என்ன, இன்னிக்கும் புலாவா?"

"சிரிக்காதீங்க அண்ணே. எல்லாம் உங்க தாங்கியாலதான்."

"என் தாங்கியா? அது மேல கவரிமாட்டை ஏத்தி நிறுத்து. ஆடினா வந்து என்னைக் கேளு."

"மோட்டார் சரியா ஓடுது. முளை குழாய்க்கு நடுவுல நிக்குது. அப்புறம் என்ன தப்பு? கால் மண்ணுல இறங்குது."

"இந்தக் குளிருல நம்ம ஊரு மண்ணுல கடப்பாரையே இறங்காதுடி!"

சொன்னாரே தவிர, மறுநாள் மூன்று கால்களுக்கும் அடியில் இரும்புத் தகடு வைத்தார். சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி நட்சத்திரம் படிக்கிறா" என்று பெருமையடித்தார். அதன் விளைவு, இறைச்சிக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும், "என் மவனுக்கு எப்பம்மா கல்யாணம்? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்" என்று கேட்டார். ஜோசியம் வேறு, வானியல் வேறு என்று விளக்கியதில் வரிசையில் அவள் முறை போயிற்று.

அடுத்த மாலையும் அரிசி. அதற்கடுத்ததும் அரிசி. மோட்டாருக்கு எண்ணெய் விட்டாள், பல்சக்கரத்தைத் துடைத்தாள், லென்ஸை மாற்றி மாட்டினாள். ஒன்றும் பலிக்கவில்லை. கால் இறங்குகிறது என்று அண்ணனுக்கு நிரூபித்தே தீருவது என்று முடிவு செய்தாள். மோட்டாரை நிறுத்தினாள். கேமராவை நேரே முளைக்குத் திருப்பி, இருட்டியதும் திறந்து, ஒரு மணி நேரம் அப்படியே விட்டாள். அசையாத முளை படத்தில் அசைந்திருந்தால், இறங்கியது தாங்கி.

முளை அசைந்திருந்தது.

"அண்ணே! வாங்க, வந்து பாருங்க உங்க லட்சணத்தை!"

கத்திக்கொண்டே படத்தைப் பெரிதாக்கியவள் வாயை மூடிக்கொண்டாள். தாங்கி இறங்கியிருந்தால் எல்லாக் கோடுகளும் ஒரே திசையில் போயிருக்க வேண்டும். இங்கே எல்லா நட்சத்திரங்களும் வில்லாக வளைந்திருந்தன. முளையும் வளைந்திருந்தது, வெட்டிப்போட்ட நகத்துண்டு மாதிரி. எல்லா வில்லுக்கும் நடுவான இடம் முளைக்குப் பக்கத்தில், குதிரைகள் இருக்கும் திசையில், வெறும் இருட்டாகக் கிடந்தது.

வாத்தியாருக்குப் போன் போட்டாள். "தெமிர்கசிக்கைக் குழாய்க்கு நடுவுல வைன்னு சொன்னீங்களே, அதுவே சுத்துது!"

"ஆமாக்கா, கொஞ்சம் சுத்தும். துருவம் அதுக்குப் பக்கத்துல, முழுநிலா அகலத்தைவிடச் சித்த கூடுதலாத் தள்ளி இருக்கு. வகுப்புல குடுத்த புத்தகத்துல போட்டிருக்குமே."

"புத்தகம் ரஷ்ய மொழியில இருக்கு. நீங்க நம்ம மொழியில சொன்னீங்க. முளைன்னு சொன்னீங்க!"

"அது பேச்சுவழக்குல சொல்றதுதானேக்கா..."

அவள் போனை வைத்துவிட்டாள். குளிர்காலம் முழுக்க நம்பியது ஒரு பேச்சுவழக்கை.

"அப்ப என் தாங்கி?" என்றார் அண்ணன்.

"நல்லாத்தான் இருக்கு."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு."

"நல்லா இருக்குண்ணே, போதுமா?"

விஷயம் தெரிந்த அன்றே மேகம் மூடியது. நூருஸுக்கு முந்தின மாலைதான் மேற்கேயும் வடக்கேயும் கொஞ்சம் விலகியது. தாங்கியைத் திருப்பி, குழாயின் நடுவை முளையிலிருந்து குதிரைகளின் பக்கமாக ஒரு நிலா அகலத்துக்கும் சற்று மேலேயே நகர்த்தி இறுக்கினாள். மேகம் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரே ஒரு படத்துக்குத்தான் அவகாசம். கேமராவைத் திறந்தாள்.

படம் பாதி ஓடியிருக்கும். பக்கத்து வீட்டு பாத்மகான் அக்கா பண்டிகைக்காக அர்ச்சா என்ற ஊசியிலை மரத்தின் தழையைப் புகைய விட்டு, தட்டில் ஏந்தி வேலியைத் தாண்டி வந்தாள். "பீடை ஒழியட்டும், கண்ணேறு கழியட்டும்" என்று முற்றத்தைச் சுற்றினாள்.

"அக்கா, வேண்டாம்! அந்தப் பக்கம் போகாதீங்க!"

"இதுக்குத்தாண்டி முக்கியமாப் போடணும். தெருவே இது மேல கண்ணு வச்சிருக்கு" என்று கேமராவையும் மூன்று முறை சுற்றி வந்தாள்.

படத்தில் கார்த்திகைக் கூட்டத்தின் பாதியைப் புகை விழுங்கியிருந்தது. மீதிப் பாதி கடுகு கடுகாக, உருண்டையாக இருந்தது. அதற்குள் மேகமும் மூடிவிட்டது. இருந்ததை அனுப்பினாள்.

மூன்றாம் நாள் ஐதார் கூப்பிட்டார். "உருண்டைதான்க்கா, சுத்தமான உருண்டை. ஆனா கூட்டத்துல பாதியைக் காணோமே. முழுசா அனுப்பினவங்களே அஞ்சு பேர் இருக்காங்க."

போனை மாவு மூட்டைமேல் எறிந்தாள். அண்ணன் அதை எடுத்துத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "உருண்டைன்னு சொன்னான்ல?"

"பாதின்னும் சொன்னாரு."

அண்ணன் தாங்கியை அருகே இழுத்தார். குழாயின் ஓரத்தில் அரத்தால் ஒரு சிறு அம்பு கீறினார். பக்கத்தில் 'குதிரைப் பக்கம்' என்று ஆணி முனையால் எழுத்து எழுத்தாகப் பொறித்தார். "கார்த்திகை இனி எப்ப வரும்?"

"இப்ப மலைக்குப் பின்னால போயிடும். அக்டோபர்லதான் சாயங்காலம் கிழக்க வரும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் ரஷ்யப் புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து வாசிக்கப் போறேன்" என்றாள் எரிச்சலோடு. "நீங்க அந்த பாத்மகான் அக்காவைப் பிடிச்சு, அந்த முளையில கட்டிப் போடுங்க."