பஹீம் அனுப்பிய ஒரு வினைச்சொல்

கத்தாரிலிருந்து வந்த அந்த ஒற்றை வரியை ருஷ்தா நூறு தடவையாவது பார்த்திருப்பாள். 'ஐ வில் ட்ரை டு கம்.' அனுப்பியவன் அவளுடைய மறைந்த கணவனின் தம்பி பஹீம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஒரே மகள் அம்னாவுக்கு நிக்காஹ். வாப்பாவும் இல்லை, பாட்டனாரும் இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. வலியாக, பெண்ணுக்குப் பொறுப்பான ஆணாக இருந்து, அவளைக் கொடுக்க வேண்டியவன் சாச்சா பஹீம்தான். வேறொருவரை நியமித்துக் கடிதம் அனுப்பினாலும் போதும் என்று பள்ளிவாசலில் சொன்னார்கள். அம்னா கேட்டால்தானே.

"வாப்பாட முகச்சாடை ஈக்கிற ஒராள் அங்க இருக்கோணும் உம்மா." மூன்று நாளாகச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிறாள்.

அவர்களுடைய ஊரான மடவளையில் யாரும் முகத்துக்கு நேரே வரமாட்டேன் என்பதில்லை. 'ட்ரை பண்றன்' என்பார்கள், அதோடு சரி. ஐந்து வருடத்துக்கு முன் கணவன் மௌத்தானபோதும் பஹீம் இதையேதான் சொன்னான். வரவில்லை. இதுவும் அப்படித்தானா? இல்லை, கத்தாரில் அந்தச் சொல்லுக்கு வேறு கனமா?

கறிச்சரக்குக் கடையில் கராம்பிலிருந்து காம்பு பிரிக்கும் வேலை முடிந்ததும், ஆங்கில டியூஷன் கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கிருஷாந்தியிடம் போனாள்.

"முயற்சி செய்வேன்னு அர்த்தம் அக்கா."

"அப்ப வாராரா, இல்லயா?"

கிருஷாந்தி தடித்த அகராதியை விரித்தாள். "பழைய பிரெஞ்சு பாஷையில இருந்து வந்ததாம். முதல்ல பொறுக்கிப் பிரிக்கிறதாம், நீங்க காம்பு பிரிக்கிற மாதிரி. அப்புறம் கோர்ட்டுல விசாரிக்கிறது, சோதிச்சுப் பாக்கிறது. முயற்சிங்கிறது பிறகுதான் வந்திருக்கு."

"என்னயவா விசாரிக்கிறாரு?"

கிருஷாந்தி சிரித்துவிட்டாள்.

"புத்தகத்த விடுங்க அக்கா. அவர எப்படிக் கூப்பிட்டீங்க?"

"கார்ட்ட படமெடுத்து வட்ஸ்அப்ல போட்டன்."

"பேசலயா?"

ஊரெல்லாம் வாசல் வாசலாக ஏறி, வாயால் சொல்லி அழைத்தவள் ருஷ்தா. மீன்காரருக்குக்கூடச் சொன்னாள். பெண்ணின் வலிக்குப் போனது வெறும் படம்! மௌத்துக்கு வராதவனிடம் பேச நாக்கு வரவில்லை, அதுதான் உண்மை.

வீட்டுக்கு வந்து பஹீமின் எண்ணை அழுத்தினாள்.

"தம்பி, நிக்காஹ்வுக்கு வாங்க."

"கார்ட் வந்த அண்டைக்கே டிக்கட் போட்டுட்டன் மதினி. நீங்க வாயால கூப்பிடல்லயே. வாரன் எண்டு எந்த முகத்தோட செல்ற?"

"அண்டைக்கு ஏன் வரல்ல?" ஐந்து வருடக் கேள்வி அவளை அறியாமலே வெளியே விழுந்தது.

"முதலாளி பாஸ்போட்ட தரல்ல. ரெண்டு நாளா அவர்ட வாசல்ல நிண்டன். ட்ரை பண்றன் எண்டு செல்லி அனுப்பினேனே மதினி."

ருஷ்தா கதிரையில் அப்படியே அமர்ந்தாள். அவன் சொன்னதைத்தான் செய்திருக்கிறான். ஒரு வார்த்தை கேட்காமல் இத்தனை காலமும் பொத்தி வைத்த கோபத்தை இனி யார் மேல் இறக்குவது? அவன் மேலா, அந்த முதலாளி மேலா, தன் மேலேயா?

"சாச்சா என்ன செல்றாரு உம்மா?" என்றாள் வாசலில் நின்ற அம்னா.

"வாராரு" என்றாள் ருஷ்தா. தான் ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.