மாஸ்டர் பேசாத ஆட்டம்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நரம்பே தட்டுப்படாத கைக்காரர்கள், ஊசியைக் கண்டாலே கண் இருட்டுகிறவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து தாங்களே முதலில் அழுகிறவர்கள், அத்தனை பேரும் அவளுடைய நாற்காலிக்காகத்தான் காத்திருப்பார்கள். "அப்படியே ஜன்னல் பக்கம் பாருங்க" என்பாள். பார்த்துவிட்டுத் திரும்பினால் பஞ்சை வைத்துக் கையை மடக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். "குத்தியாச்சா?" என்று கேட்காமல் எழுந்து போனவர்கள் குறைவு.

அப்பேர்ப்பட்ட கை, வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால்கூட "பார்த்து, சிந்தப் போற" என்று ஒரு குரல் வரும். கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில், ஊருக்கே மாஸ்டர். பொழுது விடிந்து பொழுது போனால் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கில் காலை வைத்தபடி, "கிளட்சை மெதுவா விடுங்க, கண்ணாடியைப் பாருங்க" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வீட்டுக்கு வந்தும் அதற்கு ஓய்வு கொடுக்க அவருக்குத் தெரியவில்லை. அவள் வெங்காயம் நறுக்கினால் விரலை மடக்கச் சொல்வார். துணி காயப்போட்டால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பார். எல்லாம் அக்கறைதான், கெட்ட மனசு துளியும் கிடையாது. அதனாலேயே அவளால் கோபித்துக்கொள்ளவும் முடியாது.

கோல்ஃப் அவர்கள் வீட்டுக்குள் வந்தது கொழுந்தனால். மாற்றலாகி வெளியூர் போகிறவன், தன் பழைய மட்டைகளைப் பையோடு கொண்டுவந்து இவர்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனான். மாஸ்டர் சும்மா இருப்பாரா? விதிப் புத்தகம் வாங்கினார், வீடியோ பார்த்தார், பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் நகராட்சி மைதானத்தில் உறுப்பினரானார். ஒன்பது குழிதான், சின்ன மைதானம். குறைந்த அடிகளில் அத்தனை குழியிலும் பந்தைப் போடுகிறவர் ஜெயிப்பார். கூடவே அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

"காலை தோள் அகலத்துக்கு வை. மட்டையை இறுக்காத. இடது கை வளையக் கூடாது. இடுப்பைத் திருப்பு, தோள் தானா வரும். தலையைத் தூக்காத. தூக்காதன்னு சொன்னேன்ல."

எல்லாவற்றையும் கேட்டு முடிப்பதற்குள் அவள் உடம்பு கட்டிப் போட்டது மாதிரி ஆகிவிடும். அடித்தால், மைதானத்துக் குளக்கரை வாத்துகூடத் திரும்பிப் பார்க்காத வேகத்தில் பந்து உருளும்.

ஆனாலும் அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போயிற்று. காரணம் அங்கிருந்த மரியாதைகள். ஒருவர் அடிக்கும்போது மற்றவர்கள் அசையக் கூடாது. குழிக்கு அருகே பந்து போகும் வழியில் நிழல்கூட விழக் கூடாது. பெயர்ந்த புல்லை எடுத்து வைத்து மிதித்துவிட்டுத்தான் நகர வேண்டும். மணல்பள்ளத்தில் பதிந்த காலடியை வாரிச் சமன் செய்ய வேண்டும். பின்னால் வருகிறவர்கள் வேகமாக ஆடினால் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒரு ஆளுக்காக இத்தனை பேர் வாயடைத்து நிற்கிற இடத்தை அவள் வேறெங்கும் பார்த்ததில்லை. அவள் முறை வரும்போது மட்டும் அந்த அமைதி கிடைக்காது, அவ்வளவுதான்.

வருஷாந்தரப் போட்டி வந்தது. மாஸ்டர் இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார். மூன்றாவதாக அவர்களோடு சேர்ந்தவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேச மாட்டார்.

முதல் குழி. அவள் மட்டையை ஓங்கினாள். "தலையைத் தூக்காத" என்றது பழகிய குரல். பந்து பழகிய மாதிரியே உருண்டது.

குமாஸ்தா தொண்டையைச் செருமினார். "மன்னிக்கணும் மாஸ்டர். இது போட்டி. ஆடுறவங்க அடுத்தவங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது. சொன்னவருக்கு ரெண்டு அடி தண்டம், கணக்குல கூடிடும்."

"என் பொண்டாட்டிக்குத்தானே சொன்னேன்?"

"விதியில பொண்டாட்டிக்கு விலக்கு இல்லீங்க. அவங்க கேட்டிருந்தா அவங்களுக்கும் ரெண்டு அடி."

"நான் கேக்கவே இல்லீங்க" என்றாள் அவள். வாழ்நாளில் அவ்வளவு வேகமாக அவள் எதையும் சொன்னதில்லை.

மாஸ்டர் முகம் சுருங்கிப்போனது. ஆனால் வெள்ளைக் கோட்டை அரைச் சக்கரம் தாண்டினாலே மாணவனைத் திரும்ப ஓட்டச் சொல்கிற மனிதர் அவர். "எழுதிக்குங்க" என்றார் குமாஸ்தாவிடம். அதன் பிறகு உதட்டை ஒட்டிக்கொண்டார்.

இரண்டாவது குழியில் அவளுக்கு வெறிச்சென்று இருந்தது. படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாதது மாதிரி. மூன்றாவது குழியில் தன் மூச்சு தனக்குக் கேட்டது. நாலாவதில் பந்து மட்டையின் நடுவில் பட்ட சத்தம் கேட்டது. இதுவரை கேட்காத சத்தம். பந்து நேராகப் போய்ப் புல்வெளியின் நடுவில் உட்கார்ந்தது.

அப்புறம் குளம் வந்தது. குளத்துக்கு அந்தப் பக்கம் குழி. மாஸ்டர் எப்போதும் அவளை இடது பக்கமாகச் சுற்றித்தான் போகச் சொல்வார். அவள் தண்ணீரைப் பார்த்தாள், மட்டைகளைப் பார்த்தாள், தன்னை அறியாமல் திரும்பினாள்.

"என்னங்க..."

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். மாஸ்டர் அவசரமாக வானத்தைப் பார்த்தார்.

"...தண்ணி பாட்டில் குடுங்க."

தாகமே இல்லாமல் பாதி பாட்டிலைக் குடித்தாள். குடித்துக்கொண்டே யோசித்தாள். நரம்பு தெரியாத கை வந்தால் அவள் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. விரலால் தடவிப் பார்ப்பாள், ஒரு மூச்சு பொறுப்பாள், கை தானாகப் போகும். இதற்கு மட்டும் எதற்கு இன்னொருவர் வாய்?

தனக்குப் பிடித்த மட்டையை உருவினாள். சுற்றிப் போகவில்லை. குளத்துக்கு மேலேயே அடித்தாள். பந்து எழும்பி, தண்ணீரைத் தாண்டி, குழியைச் சுற்றி ஒட்ட வெட்டியிருந்த புல்லில் இறங்கி நின்றது.

மாஸ்டரின் வாய் திறந்தது, மூடியது. குமாஸ்தா பக்கம் குனிந்தார். "ஐயா, பாராட்டலாமா?"

"தாராளமா. அது யோசனைல வராது."

அவர் அவளைப் பார்த்தார். "நல்லா அடிச்சம்மா."

திருத்தம் எதுவும் பின்னால் ஒட்டாமல் அவர் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டு அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெயர்ந்த புல்லை எடுத்து வைத்து, தேவைக்கு அதிகமாகவே மிதித்தாள்.

சாயங்காலம் முடிவு வாசித்தார்கள். புதியவர்கள் பிரிவில் அவள் முதலாவது. மாஸ்டர் அந்தத் தண்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் அவளுக்குப் பின்னால்தான். கண்ணாடிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தபோது யாரோ கேட்டார்கள், "மாஸ்டர் கோச்சிங்கா?"

"எனக்குக் கிடைச்சது ரெண்டு அடி தண்டம். மத்ததெல்லாம் அவளோடது" என்றார் மாஸ்டர். கேட்டவரிடம் மட்டும் இல்லை, கேட்காதவர்களிடமும் போய்ச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு அவள் போன் போட்டாள்.

"அப்பா பக்கத்துலயே நின்னு சொல்லிக் குடுத்தாரா?" என்றாள் மகள்.

"இல்லடி. நானே அடிச்சேன்."

அதற்குள் மாஸ்டர் போனை வாங்கிக்கொண்டார். குளத்தை அவள் தாண்டிய கதையைக் கையை வீசி வீசி, போனில் மகளால் பார்க்க முடியாது என்பதையும் மறந்து, நடித்துக் காட்டினார். சொல்லச் சொல்லக் குளம் அகலமாகிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் ஏரியாகிவிட்டது. அவள் நாற்காலியில் சாய்ந்து, மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, எதையும் திருத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.